416 வீதம் புரதம்

தீவனத் தூளில் ஒரு கிராம் நிறுத்து நீளக் கழுத்துள்ள கண்ணாடிக் குடுவைக்குள் போட்டு, செறிந்த சல்பூரிக் அமிலம் ஊற்றி, 420 பாகையில் கொதிக்க விடுவோம். முதலில் எல்லாம் கரியாகிக் கறுக்கும். நேரம் போகப் போகக் கறுப்புத் தெளிந்து, வினையூக்கிக் குளிகையில் உள்ள செம்பினால் இளம்பச்சை நிறம் வரும். ஆறவைத்து, காரம் சேர்த்து, கிளம்பும் அமோனியாவைப் பிடித்து அளந்தால் அந்தத் தூளில் இருந்த நைதரசன் எவ்வளவு என்று தெரியும். அதை 6.25 ஆல் பெருக்கினால் வருவது புரதம். கோழித் தீவனமோ நாய்த் தீவனமோ, பையின் பின்பக்கத்தில் ‘புரதம் 24 வீதம்’ என்று நீங்கள் வாசிக்கும் எண் இப்படித்தான் பிறக்கிறது. சில இடங்களில் அமிலத்துக்குப் பதில் எரித்து அளப்பார்கள். ஆனாலும் அளக்கப்படுவது நைதரசன்தான், பெருக்குவதும் அதே கணக்குத்தான்.

ஒஸ்லோவில் தீவனம் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் என் வேலைநாள் இந்தக் குடுவைகளோடு போகிறது. வீட்டில் ஒரு நாயும் இருக்கிறது. அதனால் ஊர்ச் சனம் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, நாய்க்கு உதைக் குடுக்கலாமோ?" அதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. குடுவையின் கதையைச் சொன்னால்தான் நான் ஏன் தயங்குகிறேன் என்பது விளங்கும்.

இந்த முறையை 1883இல் வெளியிட்டவர் யொஹான் கெல்டால் என்ற டென்மார்க் வேதியியலாளர். கொப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பேர்க் பியர் ஆலையின் ஆய்வுகூடத்தில் இருந்தவர். பியர் காய்ச்சுகிறவருக்குத் தானியத்தில் புரதம் எவ்வளவு என்று தெரியவேண்டும். தானியத்தில் உள்ள நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புரதத்தில் இருப்பதுதான். ஆகவே நைதரசனை அளந்து புரதம் என்று எழுதியதில் அவர் பக்கம் பிழையில்லை. தானியத்தோடு யாராவது பிசின் தயாரிக்கும் இரசாயனத்தைக் கலப்பார்களா என்ற யோசனை 1883இல் யாருக்கு வரும்?

அந்த இரசாயனம் மெலமைன். உடையாத சாப்பாட்டுத் தட்டுகளும் சமையலறை மேசைப் பலகைகளும் செய்யும் பிசினுக்கு மூலப்பொருள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைதரசன். என் குடுவையில் தனி மெலமைனைப் போட்டால் 416 வீதம் புரதம் என்று கணக்கு வரும். நூற்றுக்கு நானூறு புரதம் எங்கும் இல்லை என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தனி மெலமைனைக் கொண்டுவந்து யாரும் சோதிக்கச் சொல்வதில்லையே. சாதாரணக் கோதுமை மாவில் அளவாகக் கலந்தால் அது, தாளில், விலை கூடிய கோதுமைப் புரதமாகிவிடும்.

2007 மார்ச் 16ஆம் திகதி கனடாவின் மெனு ஃபூட்ஸ் நிறுவனம் ஆறு கோடி நாய், பூனை உணவுத் தகரங்களையும் பொதிகளையும் திருப்பி அழைத்தது. மலிவு விலைக் கடைப் பெயரும் மிருக வைத்தியர் பரிந்துரைக்கும் உயர்ரகப் பெயரும் அந்தப் பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டையும் செய்தது ஒரே நிறுவனம் என்று அமெரிக்கர்கள் அப்போதுதான் அறிந்தார்கள். வீட்டு நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. நிறுவனத்துக்காக நடந்த சுவைப் பரிசோதனையில் இருந்த பூனைகளும் செத்தன. முதலில் எலிப்பாஷாணம் என்றார்கள். இரண்டு கிழமைக்குள் மெலமைன் என்று தெரிந்தது. சீனாவின் சூஜோ நகர நிறுவனம் ஒன்று அனுப்பிய கோதுமைப் புரதத்தில் அது இருந்தது. மெலமைன் தனியே அவ்வளவு பெரிய நஞ்சல்ல. கூடவே சயனூரிக் அமிலமும் இருந்ததுதான் ஆபத்து. இரண்டும் சிறுநீரகத்தில் சந்தித்தால் கரையாத பளிங்காகக் கட்டும். கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தில் பூனையின் சிறுநீரில் இரண்டையும் சேர்த்து, பளிங்கு கட்டுவதைக் கண்ணாலேயே பார்த்தார்கள்.

இன்னொரு விடயம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நாய் உணவு ஆலைகளில் மிஞ்சிய கழிவு, திருப்பி அழைக்கும் அறிவிப்பு வருமுன்பே, பன்றிப் பண்ணைகளுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் தீனியாகப் போயிருந்தது. நாயின் தட்டும் எங்கள் தட்டும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

அடுத்த வருடம் செப்டெம்பரில் அதே மெலமைன் சீனாவில் குழந்தைகளின் பால்மாவில். சான்லு என்ற பெரிய நிறுவனத்தின் பெயர் முதலில் வந்தது, பிறகு மற்றப் பெயர்களும் வந்தன. ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள். பாலில் தண்ணீர் விட்டால் புரதம் குறையும். புரதம் குறைந்தால் கொள்வனவு நிலையம் பாலை ஏற்காது. ஆகவே மெலமைன். 2009 நவம்பரில் இருவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒன்றரை வருடத்துக்கு முன்பே பூனைகளும் நாய்களும் செத்துக் காட்டிய அதே இரசாயனம், அதே தந்திரம். ஏமாற்றப்பட்டதும் அதே கெல்டால் கணக்குத்தான். அந்த ஒன்றரை வருடத்தில் பால் பக்கம் திரும்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும்.

கலப்படக்காரன் உணவைப் பார்ப்பதில்லை, சோதனையைப் பார்க்கிறான். எதை வைத்து அளக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு அதற்கு வேண்டியதைக் கொடுப்பான். பங்களாதேஷில் மஞ்சளை வாங்குகிறவர் நிறம் பார்த்து விலை சொல்வார். வெள்ளத்தில் நனைந்து மஞ்சள் மங்கிப்போன வருடங்களில் கிழங்குக்கு ஈயக் குரோமேற்றுப் பூச்சுக் கொடுக்கும் பழக்கம் தொடங்கியது. பிறகு வெள்ளம் வடிந்தும் பழக்கம் வடியவில்லை என்று ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2019இல் எழுதினார்கள். அங்கே சோதனைக் கருவி வாங்குகிறவரின் கண், இங்கே என் குடுவை. இப்போது பெரிய ஆய்வுகூடங்களில் மெலமைனைத் தனியாகத் தேடிப்பிடிக்கும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கருவியும் தேடச் சொன்னதைத்தான் தேடும். அடுத்ததாக எதைக் கலக்கப்போகிறார்கள் என்று அதற்கு யார் சொல்வது?

எங்கள் நாய் ஜிம்மிக்கு வருவோம். பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கியது. பனிக்காலத்தில் விடியற்காலை ஸ்டைன்புருவான் ஏரிக்கரையில் நடத்துவது நான். அம்மாவுக்கு அதன் சாப்பாட்டுச் செலவு பிடிப்பதில்லை. முடிச்சுப் போட்ட வெள்ளைத் தோல் எலும்பு ஒன்றை முதலில் கண்டபோது கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "ஊரிலை நாய் எண்டால் சோறும் மீன்தலையும். இதென்ன பிள்ளை, மழைக்கு நனைஞ்ச கடுதாசியைச் சுருட்டி வைச்ச மாதிரிக் கிடக்கு. இதுக்கும் காசோ?"

அம்மாவின் சந்தேகம் நியாயமானதுதான். மாட்டுத்தோலின் மேற்படை சப்பாத்துக்கும் கைப்பைக்கும் போகும். மிஞ்சுகிற உட்படையைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, பெரும்பாலும் ஐதரசன் பெரொக்சைட்டில் வெளுத்து, முறுக்கிக் காயவைத்தால் இந்த எலும்பு. சட்டத்தின் கண்ணில் இது விலங்குத் துணைப்பொருள், மனித உணவுக்குரிய சட்டத்தின் கீழ் வராது. துணைப்பொருட்களை ஐரோப்பியச் சட்டம் மூன்று வகுப்பாகப் பிரித்து, ஆபத்துக் குறைந்த மூன்றாம் வகுப்பை மட்டுமே வீட்டு விலங்குகளின் உணவுக்கு விடுகிறது. வெளிநாட்டு ஆலை அங்கீகாரம் பெற்றிருக்கவேண்டும், சரக்கோடு மிருக வைத்தியச் சான்றிதழ் வரவேண்டும், ஐந்து மாதிரி எடுத்தால் ஒன்றிலும் 25 கிராமுக்குள் சல்மொனெல்லா இருக்கக்கூடாது. நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தத்தால் இதே விதிகள்தான் இங்கும். ஆனால் சீனாவிலிருந்து வரும் கொள்கலன் ரொட்டர்டாமிலோ ஹம்பேர்க்கிலோ இறங்கினால் எல்லைச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். பிறகு அது ஒஸ்லோவுக்கு வருவது உள்வீட்டுச் சாமானாகத்தான்.

பையில் எழுதியிருப்பதையும் கொஞ்சம் கவனித்து வாசிக்கவேண்டும். ‘கோழியுடன்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அதில் கோழி 4 வீதம் இருந்தாலே போதும். ‘மாமிசமும் விலங்குத் துணைப்பொருட்களும்’ என்ற வரிக்குள் எதையும் அடக்கலாம். ஐரோப்பாவில் யார் பொறுப்பு என்ற பெயர் கட்டாயம் இருக்கும். எந்த நாட்டில் செய்தது என்பது பல பைகளில் இருக்காது.

இறக்குமதித் தின்பண்டங்களில் உலகத்தை அதிகம் குழப்பியது உலர்ந்த கோழி இறைச்சித் துண்டு. அமெரிக்காவில் 2007இல் தொடங்கிய முறைப்பாடுகள் 2015 முடிவில் ஏறத்தாழ 5,200 ஆகியிருந்தன. நோயுற்ற நாய்கள் 6,200க்கு மேல், இறந்தவை 1,140க்கு மேல். பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்த கோழி, வாத்து, வற்றாளைக் கிழங்குத் துண்டுகள். நாய்களில் சிலவற்றுக்கு இரத்தத்தில் சீனி சரியாக இருக்க, சிறுநீரில் மட்டும் சீனி போனது. ஃபன்கோனி என்னும் அரிய சிறுநீரகக் கோளாறு அது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஈயம் பார்த்தது, பூஞ்சண நஞ்சு பார்த்தது, பூச்சிகொல்லி பார்த்தது, மெலமைனும் பார்த்தது. சீனாவுக்கே போய் ஆலைகளையும் பார்த்தார்கள். காரணம் இதுதான் என்று விரல் வைக்க முடியவில்லை. 2013 ஜனவரியில் நியூயோர்க் மாநில ஆய்வுகூடம் அந்தத் துண்டுகளில் அனுமதியில்லாத நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளின் எச்சத்தைக் கண்டுபிடித்தது. சில பிரபல பெயர்கள் அதோடு கடைகளிலிருந்து மறைந்தன. அந்த மருந்துகளால்தான் நாய்கள் செத்தன என்று யாரும் சொல்லவில்லை. வேறொன்றைத் தேடப்போய் இது அகப்பட்டது, அவ்வளவுதான்.

இது முழுக்க நாயின் பிரச்சினை என்றும் நினைக்கவேண்டாம். 2019இல் அமெரிக்காவில் நாய்களுக்கு விற்ற பன்றிக்காதுகளால் 150க்கும் மேற்பட்ட மனிதர்களுக்குச் சல்மொனெல்லா தொற்றியது. நாய் கடிக்கிறது, நாங்கள் தொடுகிறோம், குழந்தை தரையில் தவழ்கிறது.

அதே 2019இல் ஒஸ்லோவிலும் எங்களுக்கு ஒரு பயம் வந்தது. ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து ஓகஸ்ட் 20 வரை நோர்வேயில் நாயை வாரில் பிடித்தே நடத்தவேண்டும் என்பது சட்டம். வாரைக் கழற்றிவிட்டு அதிக நாள் ஆகவில்லை, மறுபடி பிடியுங்கள், மற்ற நாய்களோடு சேரவிடாதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையான மாத்தில்சீனெ அறிவித்தது. நல்ல சுகமாக இருந்த நாய்கள் திடீரென்று இரத்தமாக வாந்தியும் பேதியும் போய்ச் செத்துக்கொண்டிருந்தன. செப்டெம்பர் முதல் பாதியிலேயே செத்தவை 25 என்று செய்திகள் வந்தன. காலை நடையில் காணும் நோர்வேக்காரர்கள், வழக்கமாகக் காலநிலைக்கு மேல் ஒன்றும் பேசாதவர்கள், எட்ட நின்றபடியே கேட்டார்கள்: உங்கள் நாய்க்கு என்ன தீனி கொடுக்கிறீர்கள்? எல்லாருடைய சந்தேகமும் முதலில் போனது பைக்குள்தான். எலிப்பாஷாணம், ஏரித்தண்ணீர் எல்லாம் பிறகு.

அப்போது ஒஸ்லோவின் அடம்ஸ்துவெனில் இருந்த மிருக வைத்திய நிறுவனம் இறந்த நாய்களைத் திறந்து பார்த்தது. நாய் வைத்திருந்தவர்களிடம் தீனி, தின்பண்டம், நடந்த இடம் என்று படிவம் படிவமாகக் கேட்டார்கள். கடைசியில் அகப்பட்டது புறொவிடென்சியா அல்கலிஃபேசியன்ஸ் என்ற பற்றீரியா. அதுவே காரணமாக இருக்கக்கூடும் என்று 2021இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. தீனிப் பை எதன்மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை. இதை நான் வலிந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. நாய் சுகமில்லாமல் போன உடனேயே "சீனச் சாமான்" என்று கைநீட்டுவது எங்கள் ஆட்களிடமும் இருக்கிற பழக்கம். அந்தப் படிவங்களும் பிரேத பரிசோதனைகளும் இல்லாவிட்டால் ஏதாவது ஒரு நிறுவனத்தின் தலையில் அந்தச் சாவுகளைக் கட்டிவிட்டு உண்மையான காரணத்தைத் தொலைத்திருப்போம்.

நோர்வேக்கு இன்னொரு பழைய கதை உண்டு. அதில் வெளிநாடும் இல்லை, மோசடியும் இல்லை. 1957 அளவில் மிங்க், நரி வளர்க்கும் பண்ணைகளில் விலங்குகள் ஈரல் கெட்டுச் சாகத் தொடங்கின. (அந்தப் பண்ணைகளே இப்போது சட்டப்படி இல்லை. 2025 பெப்ரவரியோடு மூடியாயிற்று.) பிறகு 1961-62இல் ஆடுமாடுகளுக்கும் அதே ஈரல் நோய். எல்லாம் தின்றது ஹெரிங் மீன்தூள், அதுவும் சொந்த நாட்டு மீன். ஒஸ்லோ மிருக வைத்தியக் கல்லூரியில் எண்டர், கொப்பாங் முதலானோர் அந்தத் தூளைப் பகுதி பகுதியாகப் பிரித்து விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1964இல் நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். பெயர் நைத்திரோசோ டைமெதைலமீன். மீன் பழுதாகாமல் இருக்கச் சோடியம் நைத்திரைற்றுப் போட்டிருந்தார்கள். பழுதாகத் தொடங்கிய மீனுக்கு அந்த நாற்றத்தைக் கொடுக்கும் அமீன்களோடு நைத்திரைற்று சேர்ந்து, தூளாக்கும் சூட்டில் இது உருவாகியிருந்தது. எலிகளுக்கு ஈரலில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1956இலேயே பிரித்தானியாவில் கண்டிருந்தார்கள்.

அந்த மீன்தூளை அன்றைக்கு என் குடுவையில் போட்டிருந்தால் முதல்தரம் என்றுதான் தேறியிருக்கும். புரதத்தில் ஒரு குறையும் இல்லை. மிங்க் சாகாவிட்டால், நைத்திரைற்றுப் போட்டுப் பதப்படுத்திய பன்றியிறைச்சியில் இந்த வகைப் பொருள் இருக்குமோ என்று தேட உலகத்துக்கு இன்னும் எத்தனை வருடம் சென்றிருக்குமோ. தேடினார்கள், இருந்தது, 1970களில் நைத்திரைற்றின் அளவைக் குறைத்தார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நெஞ்செரிவுக்கு விழுங்கிய ரனிடிடின் குளிகை 2020இல் சந்தையைவிட்டுப் போனதும் இதே பொருளால்தான்.

மனிதன் காலையில் பாண், மத்தியானம் சோறு, இரவு வேறொன்று என்று பலதும் தின்பான். ஒன்றில் உள்ள நஞ்சு மற்றதில் கரைந்து மறையும். நாய் தினமும் அதே பை, அதே உருண்டை. பத்துக் கிலோ உடம்பு. பிழை முதலில் அங்கேதான் தெரியவரும். ஆனால் அந்த மரணங்களை ஓரிடத்தில் சேர்த்து எண்ண ஆள் வேண்டும். மிங்க் பண்ணைக்காரருக்குத் தோலில் நட்டம் வந்தது, அதனால் கணக்கு வைத்தார். வீட்டு நாய் செத்தால் ஒரு குடும்பம் அழுதுவிட்டுப் போகும்.

2024இன் பிற்பகுதியில் இது மறுபடி தெரிந்தது. பின்லாந்து, நெதர்லாந்து, ஜேர்மனி முதலிய நாடுகளில் நாய்கள் திடீரென்று ஊளையிட்டு, பயந்து, சுவரில் மோதுமளவுக்கு ஓடி, சில வலிப்பு வந்து விழுந்தன. பத்திரிகைகள் அதற்கு ஓநாய் மனிதன் நோய் என்று பெயர் வைத்து விற்றன. ஹன்னோவர் மிருக வைத்தியப் பல்கலைக்கழகமும் பின்லாந்து உணவு அதிகாரசபையும் சேர்த்துப் பார்த்தபோது பல நாய்களுக்குப் பொதுவாக இருந்தது சீனாவிலிருந்து வந்த தோல் எலும்பு. சில பொதிகளைக் கடைகள் திருப்பி எடுத்தன. பெரும்பாலான நாய்கள் மெல்ல மெல்லத் தேறின. அந்த எலும்புகள் எல்லாச் சான்றிதழ்களோடும்தான் எல்லை தாண்டியிருந்தன. சல்மொனெல்லா இருக்கிறதா என்று சான்றிதழ் கேட்டது, நரம்பைத் தாக்கும் நஞ்சைப் பற்றி அது கேட்கவேயில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த வெள்ளை எலும்பு கிடையாது. காய்ந்த கொட் மீன்தோல் வாங்குகிறேன். நோர்வேயில் செய்தது, கிட்டக் கிடைப்பது, நாற்றம் சொல்லி வேலையில்லை. அம்மாவுக்கு மட்டும் பரம திருப்தி: "கருவாடு எண்டு சொல்லன்." மீன்தூள் கதையைத் தெரிந்த எனக்கு நோர்வே என்ற பெயரே உத்தரவாதம் ஆகாது. ஏதும் பிழைத்தால் போய்க் கேட்க ஆள் பக்கத்தில் இருக்கிறார் என்ற ஒரு வசதிதான்.

கனடாவிலிருந்து வர இருந்த மச்சாள் ஒரு பெரிய பை உலர்கோழித் துண்டு ஜிம்மிக்கு என்று எடுத்து வைத்திருந்தா. வேண்டாம் என்று சொன்னேன். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து இறைச்சிச் சாமான் பயணப் பெட்டியில் கொண்டுவர அனுமதி இல்லை, நாய்க்கானாலும் சரி.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரே தின்பண்டத்தை மாதக்கணக்காகக் கொடுக்காதீர்கள். எடுத்துக் கொடுத்த கையைக் கழுவுங்கள். தின்பண்டத்தைப் போத்தலில் கொட்டி வைத்துவிட்டுப் பையை எறிவதுதான் எங்கள் வீடுகளில் வழக்கம். அந்தப் பையில்தான் தொகுதி இலக்கம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் மாத்தில்சீனெக்கு அறிவித்தாலும் அவர்கள் கடையில் எதைத் தேடுவார்கள்? பை முடியும்வரை அதற்குள்ளேயே வைத்திருங்கள், அல்லது இலக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். நாய் வழமைக்கு மாறாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி மூத்திரம் போய், சோர்ந்து கிடந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோகும்போது பையையும் கொண்டுபோங்கள். சிறுநீரில் சீனி என்று கண்டால் நீரிழிவு என்றே முதலில் நினைக்கத் தோன்றும். இரத்தத்திலும் சீனி பார்க்கச் சொல்லுங்கள். உலர்கோழித் துண்டு கொடுத்திருந்தால் அதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். ‘என்ன தீனி’ என்று வைத்தியர் கேட்டால் எங்கள் ஆட்கள் சோற்றையும் உருண்டையையும் சொல்வார்கள், இடையில் கொடுத்தது நினைவில் வராது.